வீட்டில் ஒருவர் இல்லை, ஊர் மாறியது, வேலை மாறியது: சாப்பாட்டுக் கேள்விகள், உணவியல் ஆலோசகர் பதில்கள்

கோவை: அம்மா தவறி 20 நாள் ஆகிறது, மேடம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார். காலையில் காபி மட்டும்தான், கேட்டால் "பசிக்கலை"ங்கிறார். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுவிடுகிறார்.

இன்று வந்தவற்றில் இதுதான் அவசரம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் காபியோடு போட்டால் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். துக்கத்தில் இருப்பவர் இப்படி இருந்தால் வீட்டார் மனசு சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆபத்தே அங்கேதான். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியதும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவை மாற்ற வேண்டுமா என்று நாளையே மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். "என்ன வேணும்ப்பா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வார். கேட்காமல் தட்டை வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூன்று வேளையை ஐந்தாகப் பிரியுங்கள். எடை 60 கிலோ என்றால் புரதம் நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம் வேண்டும். 2 முட்டையில் 12, பாலும் தயிருமாக 400 மி.லி.யில் 12, 60 கிராம் பருப்பில் 13, மிச்சம் சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. வாரம் ஒரு முறை எடை பாருங்கள். மாதத்தில் 3 கிலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சென்னை, பி.ஜி.: புது வேலை, இரவு 9 முதல் காலை 6 வரை. 1 மணிக்கு பிரியாணி ஆர்டர் பண்ணுவேன். நெஞ்செரிச்சல்.

பெரிய சாப்பாட்டை 8 மணிக்கு முன்பே முடியுங்கள். நள்ளிரவில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்புக்குக் குறைவு, அதனால் 1 மணிக்குச் சின்னதாக ஏதாவது போதும். தயிரில் ஊறிய அவல் நல்லது. கெட்டி அவலுக்கு 15 நிமிடம் ஊறல் வேண்டும்; மெல்லிசு அவலை அலசினாலே போதும், ஊற வைத்தால் கூழாகிவிடும். கூடவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். தூங்கப் போகுமுன் இரண்டு இட்லி சாப்பிட்டால் பசியில் விழிப்பு வராது.

திருச்சி: வேலை போன டென்ஷனில் எடை குறையுது. எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்கலாம்?

பவுடர் வேண்டாம். மேலே சொன்ன முட்டை, தயிர், பருப்புக் கணக்கே உங்களுக்கும்.

மதுரை: சிசேரியன் ஆகி 12 நாள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அத்தை தரமாட்டேங்கிறாங்க.

தண்ணீர் வயிற்றைப் பெரிதாக்காது. குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும், தையலோடு முக்குவது கொடுமை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் குடியுங்கள். அத்தையிடம் சண்டை வேண்டாம். சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்றால் அவரே தருவார். பாலூட்டும் முதல் 6 மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், பத்தியம் என்று ரசச் சோற்றோடு நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீ, காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள்.

ஓசூர்: இருவரும் புது வேலை. இரவு வடித்த சோறு குக்கரிலேயே இருக்கும், காலையில் எலுமிச்சை சாதமாக்கி டப்பாவில் கட்டுவோம். இரண்டு தடவை வாந்தி.

வெளியே விட்ட சோறுதான் காரணமாக இருக்கக்கூடும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியில் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை விடும். மீந்ததை அகலத் தட்டில் பரப்பி ஆற வைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.

தஞ்சாவூர்: பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த ஊர் இது. சும்மா பயமுறுத்தாதீங்க.

பழைய சோற்றை நான் குறை சொல்லவில்லை, அது வேறு. அதில் சோறு தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. லாக்டிக் அமில பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏற ஏற, மற்ற கிருமிகளுக்கு வளர இடமில்லை. மூடிய குக்கரில் வெறும் சோறாகக் கிடப்பதற்கு அந்தக் காவல் கிடையாது.

சேலம்: காலையில் நல்லா சூடு பண்ணினா போதாதா?

போதாது. கிருமி சாகும், வாந்தி எடுக்க வைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது.

தஞ்சாவூர்: எலுமிச்சையும் புளிப்புதானே?

காலையில்தானே பிழிகிறார்கள்? நச்சு ராத்திரியே உண்டாகியிருக்கும். பழைய சோற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: ஆறு மணி நேரம் குக்கரில் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. ஆறியதும் ஊற்றுங்கள். ஒரு கரண்டி மோர் விட்டால் புளிப்பு சீக்கிரம் ஏறும். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவர்களுக்குப் பழைய சோறு எந்த வகையிலும் வேண்டாம்.

வேலூர்: ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்ல ஹெல்த் மிக்ஸ்?

திருச்சிக்காரருக்குச் சொன்னதே. பவுடர் கேள்விகளுக்கு இனி பதில் எழுதப் போவதில்லை, படித்துவிட்டுக் கேளுங்கள்.

நெல்லை: விவாகரத்துக்குப் பிறகு அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. இருந்து என்ன பிரயோஜனம் என்கிறாள்.

இதற்கு என்னிடம் உணவுப் பட்டியல் கேட்காதீர்கள். இன்றே 14416ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அக்காவைத் தனியே விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஓசூர்: மேடம், எங்க வாடகை வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

அப்படியானால் அளந்து வடியுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி போதும். ராத்திரி சோறு ராத்திரியோடு முடியட்டும். காலை டப்பாவுக்கு ரவை உப்புமா, முட்டையோடு 20 நிமிடத்தில் ஆகிவிடும்.