பாதிரியார் யார் பக்கம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புலம்பெயர்வு பற்றிய உங்கள் கட்டுரையில், பிரேசிலின் சாவோ பாவ்லோவில், அங்கே குடியேறிய இத்தாலியத் தொழிலாளர்களுக்காக உழைத்த ஜுசெப்பே மார்கெத்தி என்ற பாதிரியாரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரியிலும் மரியாதை தெரிந்தது. நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். இப்படிப்பட்டவர்கள் ஏழைக்கு ஆறுதல் சொல்லியே அடங்கிப்போக வைத்தவர்கள், லாபம் முதலாளிக்குத்தான் என்பது என் எண்ணம். ஜனங்களைக் கப்பலேற்றியதை எதிர்க்காமல், தானும் அதே கப்பலில் ஏறிப் போனவரை எதற்குப் பாராட்ட வேண்டும்?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன், அந்தக் கப்பலில் ஆட்களை ஏற்றியது யார் என்பதைப் பார்த்துவிடலாம்.

பிரேசிலில் அடிமைமுறை 1888 மே மாதம் சட்டப்படி ஒழிந்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். சாவோ பாவ்லோ அரசே இத்தாலியர்களின் கப்பல் கட்டணத்தைக் கட்டியது. ஆனால் தனி ஆளுக்குக் கட்டாது, குடும்பமாக வந்தால்தான் கட்டும். காரணம் தோட்டத்துக் கணக்கில் இருந்தது. ஆயிரம் காப்பிச் செடிகளைப் பராமரிக்க ஆண்டுக்கு இவ்வளவு, பறிக்கும் காப்பிக்குத் தனியாக இவ்வளவு என்று குடும்பத்தோடுதான் ஒப்பந்தம். வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளமும் பீன்ஸும் போட்டுக்கொள்ளலாம். கைகள் கூடினால் செடிகளும் கூடும். வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால் அவனும் அந்தக் கணக்கில் ஒரு கைதான்.

சரி, அப்பா காய்ச்சலில் போய்விட்டால்? அம்மா வழியிலேயே செத்துவிட்டால்? ஒப்பந்தத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. மார்கெத்தி வேலையைத் தொடங்கிய இடம் இதுதான்.

அவர் இத்தாலியின் லூக்கா நகரப் பக்கத்துக்காரர். கொம்பிஞானோ என்ற மலைக் கிராமத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். பங்கு மக்களில் பெரும்பகுதி ஊரை விட்டுக் கிளம்ப, ஜெனோவா துறைமுகம்வரை வழியனுப்பப் போனவர், பிறகு தானும் கப்பலேறினார். 1894-இன் இறுதியில் ஒரு பயணத்தின்போது கைக்குழந்தையோடு வந்த இளம் தாய் ஒருத்தி கப்பலிலேயே இறந்துபோனாள். புருஷன் கடலில் குதிக்கப் போனான். ‘பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லித்தான் அவனை மார்கெத்தி தடுத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. குழந்தையை வளர்க்க அவரிடம் வீடுமில்லை, காசுமில்லை. ரியோ டி ஜெனிரோவில் இறங்கி, குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்து, ஒரு துறவற இல்லத்தில் ஒப்படைத்தார்.

அடுத்த ஆண்டே, 1895-இல், சாவோ பாவ்லோவின் இபிராங்கா மேட்டில் கொலம்பஸ் பெயரில் அநாதை இல்லம் எழுந்தது. நிலம் கொடுத்தவர் ஜோசே விசெந்தே தெ அசெவேதோ என்ற செல்வந்தர். இதோ, முதலாளியின் பணம்தானே என்று நீங்கள் சொல்வது எனக்கே கேட்கிறது. ஆமாம், அதேதான். தோட்டம் தோட்டமாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பதும் இல்லத்துக்குக் காசு கேட்பதும் அவருக்கு ஒரே பயணம். தன் தங்கை அசுந்தாவையும் இத்தாலியிலிருந்து அழைத்து வந்து வேலையில் சேர்த்துவிட்டார். 1896 டிசம்பரில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. பிரேசிலில் அவர் வேலை செய்தது முழுசாக இரண்டு வருடம் இருக்கும், அவ்வளவுதான்.

அவரை அனுப்பியவர் இத்தாலியின் பியாசென்சா நகர ஆயர் (பிஷப்) ஜோவான்னி பத்திஸ்தா ஸ்கலப்ரீனி. புலம்பெயர்ந்தவர்களுக்காகவே 1887-இல் ஒரு துறவற சபையைத் தொடங்கியவர், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கப்பலேற்றியதை எதிர்க்கவில்லை என்கிறீர்களே, ஸ்கலப்ரீனியின் நிலைப்பாடு அதைவிடக் கூர்மையானது. போகிறவனுக்குப் போக உரிமை உண்டு, ஆனால் போகவைக்க எவனுக்கும் உரிமை கிடையாது என்பதுதான் அவர் வாதம். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிய ஏஜென்ட்டுகளை மனித மாமிசத் தரகர்கள் என்று எழுதினார், சட்டம் வேண்டும் என்று வாதாடினார். இது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாதுதான். இத்தாலிய அரசு இலவசக் கப்பல் கட்டணத்தில் ஆள் அனுப்புவதைத் தடுத்தது 1902-இல். அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தோட்டத்தில் தாக்குப்பிடிக்காதவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். 1893 கணக்கெடுப்பில் சாவோ பாவ்லோவின் ஜனத்தொகை ஏறத்தாழ 1,30,000. மூன்றில் ஒருவர் இத்தாலியர். பிராஸ், மொஓக்கா பகுதிகளில் மில்கள் வந்தன. தறிக்கூடங்களில் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். மார்கெத்தி போன பிறகு இல்லம் வளர்ந்தது இந்த நகரத்துக்குள்தான். பையன்களுக்கு அங்கே தொழில் கற்றுக்கொடுத்தார்கள். மில்லுக்கு ஆள் தயார்செய்தார்கள் என்று நீங்கள் இதையும் சொல்லலாம். கைத்தொழில் தெரிந்த பதினைந்து வயதுப் பையனும் ஒன்றும் தெரியாமல் மில் வாசலில் நிற்கும் எட்டு வயதுப் பையனும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

உங்கள் கோபத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் மார்கெத்தியை விட்டுவிட்டு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். 1910 வாக்கில் அதே இல்லத்திலிருந்து இதலீனா என்ற சிறுமி காணாமல்போனதாகச் சொல்லி, ஒரெஸ்தே ரிஸ்தோரி போன்ற இத்தாலிய அனார்கிஸ்டுகள் (அரசே கூடாது என்பவர்கள்) தங்கள் பத்திரிகைகளில் பெரும் பிரச்சாரம் நடத்தினார்கள். ‘இதலீனா எங்கே?’ என்ற கேள்வி ஊரெல்லாம் ஒலித்தது. பாதிரிகள்மீது அவர்கள் சுமத்திய பழியை அப்படியே நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நகரத்தின் தொழிலாளிகள் அதை உடனே நம்பத் தயாராக இருந்தார்கள் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் சபை அவர்களிடமிருந்து எவ்வளவு விலகிப்போயிருந்தது என்று யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் கட்சிக்கே சேரும். 1917-இல் மொஓக்காவின் கிரெஸ்பி பஞ்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரத்தையே முடக்கியது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. அதை முன்வைத்த குழுவில் இருந்தவர்கள் அனார்கிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும். பாதிரியார் ஒருவர்கூட அதில் இல்லை.

அன்புடன்.