கெர்ன்சியில் எங்களுக்கு ஓட்டு உண்டா? 38 ஓட்டையும் போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் 2023 நவம்பரில் பிரான்ஸ் கரைக்கு அருகே உள்ள கெர்ன்சித் தீவுக்கு வந்தோம். நான் நர்ஸ். அவர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான். 2025 ஜூனில் நடந்த தேர்தலில் எங்களுக்கு ஓட்டு இல்லை. இப்போது வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால்தான் ஓட்டு என்கிறார் கூட வேலை பார்ப்பவர். காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு எப்படியும் ஓட்டு உண்டு என்கிறான் பிரிட்டனில் கவென்ட்ரி நகரத்தில் இருக்கும் என் அத்தை மகன். இங்கே ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், ஆளுக்கு 60 பவுண்டு கொடுத்தால் வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடுவதாகவும், பெயர் இருந்தால் பர்மிட் நீட்டிக்க உதவும் என்றும் சொல்லி, என் கணவரிடம் பணம் வாங்கிவிட்டார். அதோடு இங்கே ஒருவருக்கு 38 ஓட்டாமே! அத்தனை பேரை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? குறைத்துப் போட்டால் செல்லாமல் போகுமா? மகளுக்குப் போன மாதம் 13 முடிந்தது, அவளுக்கு எப்போது ஓட்டு வரும்? (செயின்ட் பீட்டர் போர்ட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

கெர்ன்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு பென்னி கூடக் கட்டணம் கிடையாது. ஒரு படிவம், அவ்வளவுதான். பெயர், முகவரி, பிறந்த தேதி, எத்தனை நாளாகத் தீவில் இருக்கிறீர்கள் என்ற விவரம். நோயாளியின் மருந்துச் சீட்டைத் தப்பில்லாமல் படிக்கும் உங்களுக்கு இதை நிரப்ப ஆள் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர் உங்களுக்காக எதையும் கூடுதலாகச் செய்ய முடியாது. தவறாகச் செய்ய மட்டும் முடியும். தீவுக்கு வந்த தேதியை முன்னே தள்ளி எழுதி, உங்கள் கையெழுத்தோடு அனுப்பிவிட்டால், பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள்தான். அவர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது.

பட்டியலில் பெயர் இருந்தால் பர்மிட் நீட்டிக்க உதவும் என்றாரே, அது இதைவிட மோசமான பேச்சு. உங்கள் வாழ்க்கையில் மூன்று காகிதங்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். விசா குடிவரவுத் துறையின் பொறுப்பு. தீவில் வேலை பார்க்கவும் குடியிருக்கவும் தரப்படும் பர்மிட் 2016-ஆம் ஆண்டின் மக்கள்தொகை மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருவது. வாக்காளர் பட்டியலோ 1948-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வருவது, அதற்குத் தனிப் பதிவாளர் இருக்கிறார். ஓட்டர் பட்டியலைக் காட்டி ஒரு நாள் கூட பர்மிட்டை நீட்டிக்க முடியாது. புதிதாக வந்தவர்களின் மனதில் இந்த மூன்றையும் குழப்பிவிட்டுத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். சிலரிடம் ‘சேர்ந்தால் பர்மிட் கிடைக்கும்’ என்பார்கள், வேறு சிலரிடம் ‘சேர்ந்தால் பர்மிட் போய்விடும்’ என்பார்கள். எது விலை போகிறதோ அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நெருங்கும்போது இதே ஆள் தபால் ஓட்டு உறையை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வருவார். ‘38 பேரை நீங்க எங்கக்கா தேடுவீங்க, நான் பார்த்துப் போட்டுடறேன்’ என்பார். வேலை நேரம் ஒத்துவராவிட்டால் தபால் ஓட்டுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், நல்ல வசதி. ஆனால் நிரப்பாத வாக்குச்சீட்டு உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. நிரப்பிய சீட்டையும் நீங்களே அனுப்புங்கள்.

சரி, ஓட்டு உண்டா? உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டின் நிறம் இதில் கணக்கே இல்லை.

அத்தை மகன் சொன்ன முடிவு சரி, காரணம் தப்பு. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களுக்கு அங்கே ஓட்டுரிமை உண்டு. ஆனால் கெர்ன்சி பிரிட்டனின் பகுதியே அல்ல. அது மன்னருக்குக் கட்டுப்பட்ட, தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் தீவு. லண்டன் பாராளுமன்றத்துக்கு இங்கிருந்து ஒரு எம்.பி. கூடப் போவதில்லை. இந்தத் தீவின் சட்டசபை நாடு எது என்று கேட்பதில்லை, எத்தனை நாளாக இங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. தொடர்ந்து இரண்டு வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். போன வருடம் லிவர்பூலிலிருந்து வந்த பிரிட்டிஷ்காரருக்கு இல்லாத ஓட்டு, 2023-இல் வந்த உங்களுக்கு உண்டு. உங்கள் கணவருக்கும் அவர் குடியிருந்த காலத்தை வைத்துத்தான். நீங்கள் யாரைச் சார்ந்து வந்தீர்கள், யார் பெயரில் வேலை என்பதெல்லாம் இங்கே வராது. வருடாந்தர லீவில் ஊருக்குப் போய் வந்ததால் இரண்டு வருடக் கணக்கு அறுந்துவிடுமோ என்றும் பயப்படாதீர்கள், உங்கள் குடும்பம் குடியிருக்கும் இடம் கெர்ன்சிதான்.

இங்கே ஓட்டுப் போட்டால் இந்தியக் குடியுரிமைக்கு ஆபத்தா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பலர் கேட்பதால் சொல்கிறேன்: வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போகும். ஓட்டுப் போட்டதற்காகப் போகாது.

இரண்டு வருடக் கணக்கில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனை வார்டிலேயே தேவைப்படும் ஒருவர் இருப்பார். தொடர்ச்சியாக இரண்டு வருடம் இல்லாவிட்டாலும், வாழ்நாளில் எப்போதாவது மொத்தம் ஐந்து வருடம் தீவில் குடியிருந்திருந்தால் போதும். ஒருவர் 2014 பிப்ரவரியில் வந்து 2018 பிப்ரவரி வரை நான்கு வருடம் இங்கே இருந்தார், பிறகு துபாய் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2028 பிப்ரவரியில் குடும்பத்தோடு திரும்பி வருகிறார். 2029 ஜூனில் தேர்தல். ‘வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, உனக்கு ஓட்டு இல்லை’ என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் நம்பிவிடுவார். ஆனால் பழைய நான்கு வருடத்தோடு புதிய ஒன்றைக் கூட்டினால் 2029 பிப்ரவரியிலேயே ஐந்து வந்துவிடுகிறது. அவருக்கு ஓட்டு உண்டு. ஐந்து வருடமும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை, ஒரே முதலாளியிடம் இருந்திருக்க வேண்டியதில்லை, இடையில் பத்து வருடம் விட்டுப்போனாலும் பரவாயில்லை. அதே நபர் முதல் தடவை இரண்டு வருடம் மட்டுமே இருந்திருந்தால்? இரண்டும் ஒன்றும் மூன்று, அதனால் கிடையாது. அவர் 2030 வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். கூட்டிப் பார்க்காமலே உரிமையை விட்டவர்கள் நிறைய. பழைய சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டிய கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். 2020 தேர்தலுக்குப் புதிதாகப் பட்டியல் திறந்தார்கள். 2025-க்கு மறுபடியும் புதிய பட்டியல். முப்பது வருடமாக அதே வீட்டில் குடியிருக்கிறவரும் திரும்பப் பதிய வேண்டும். 2020-இல் 31 ஆயிரத்துக்கு மேல் இருந்த பெயர்கள் 2025-இல் 27 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தன. சுமார் 64 ஆயிரம் பேர் வாழும் தீவு இது. பதிந்தவர்களில் 72 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை? பதியாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லையே! வரியும் சந்தாவும் வசூலிக்கும்போது நம் முகவரி அரசாங்கத்துக்குத் தெரிகிறது, ஓட்டு என்று வந்தால் மட்டும் நாமே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இதன் நடைமுறைப் பொருள் இதுதான்: ஏஜென்ட் இப்போது எந்தப் பட்டியலில் சேர்த்தாலும், 2029-க்கு வழக்கம்போலப் புதிய பட்டியல் திறந்தால் மறுபடியும் நீங்களே பதிய வேண்டும். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அது மூடப்பட்டுவிடும், தேர்தல் அன்று போய் நின்றால் நடக்காது.

அடுத்து, அந்த 38. நம் ஊரில் தொகுதிக்கு ஒருவர், ஒரே பொத்தான். இங்கேயும் 2016 வரை தீவை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு நடத்தி, தீவு முழுவதும் ஒரே தொகுதி என்று முடிவானது. அதனால் சட்டசபையில் 38 இடங்கள், வாக்காளர் ஒவ்வொருவருக்கும் 38 ஓட்டு வரை. 2020-இல் 119 பேர் நின்றார்கள், 2025-இல் 82 பேர்.

‘38 வரை’ என்பதில் அந்த ‘வரை’யைக் கவனியுங்கள். மூன்று பேருக்குப் போட்டாலும் செல்லும், ஒருவருக்கு மட்டும் போட்டாலும் செல்லும். ஒருவருக்கு ஒரு ஓட்டுத்தான், ஒரே ஆளுக்கு இரண்டு போட முடியாது. 39 பெயருக்குக் குறி போட்டால்தான் சீட்டு செல்லாது. ஆக, நிரப்புவதில்தான் ஆபத்து, குறைப்பதில் இல்லை.

தெரியாதவர்களுக்குப் போடும் ஓட்டு சும்மா போவதில்லை, சகோதரி, அது உங்களுக்குப் பிடித்தவருக்கு எதிராக வேலை செய்யும். ஒரு உதாரணம். நீங்கள் நம்பும் ஒருவர் 6,000 ஓட்டோடு 38-ஆம் இடத்தில், கடைசி இடத்தில், நிற்கிறார். பெயரை மட்டும் கேள்விப்பட்ட இன்னொருவர் 5,999 ஓட்டோடு 39-ஆம் இடத்தில் இருக்கிறார். எண்ணிக்கையை நிரப்ப வேண்டுமே என்று நீங்களும் உங்கள் கணவரும் அவருக்கும் ஒரு குறி போட்டிருந்தால், அவர் 6,001. உங்கள் ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் இருவரின் ஓட்டும் உங்கள் ஆளுக்கு விழுந்திருந்தும், அவரைத் தோற்கடித்தது நீங்கள்தான். ஆகவே யாரைப் பற்றி விசாரித்து நம்பிக்கை வந்ததோ, அவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு. 38-ஐயும் நிரப்புங்கள் என்று கையில் பட்டியல் கொடுக்கிறவர்களை ஒதுக்கிவிடுங்கள், அந்தப் பட்டியலில் அவர்களுக்கு வேண்டியவர் இரண்டு பேர் இருப்பார், மீதி ஒப்புக்கு.

எப்படி விசாரிப்பது? இங்கே பெரும்பாலோர் கட்சி சாராதவர்கள், சின்னம் பார்த்துப் போடும் வழி கிடையாது. 2020-இல் எல்லா வேட்பாளர்களின் வாக்குறுதிகளையும் ஒரே புத்தகமாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள், தலையணை மாதிரி ஒரு புத்தகம். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். வேட்பாளர் வீட்டு வாசலுக்கோ சந்தைக்கோ வரும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

முதல் கேள்வி: ‘தலைவராக யாரை ஆதரிப்பீர்கள்?’ ஏனென்றால் தீவின் தலைவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சபையில் 38 பேரோடு பக்கத்து ஆல்டர்னித் தீவின் பிரதிநிதிகள் இருவரும் சேர்ந்து 40 பேர் ஓட்டுப் போட்டு, கொள்கை மற்றும் நிதிக் குழுவின் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்தான் மூத்த தலைவர். 2020-இல் தீவிலேயே அதிகமாக, 13,934 ஓட்டு வாங்கியவர் அப்போது அந்தப் பதவியில் இருந்த கேவின் செயின்ட் பியர். சபை கூடியதும் 23-க்கு 17 என்று பீட்டர் ஃபெர்பிராஷ் தலைவரானார். 2023 டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் குழு விழுந்து, லிண்டன் டிராட் வந்தார். மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 2025 தேர்தலுக்குப் பிறகு லிண்ட்சே டி சாஸ்மரெஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஒருவர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது, உள்ளே போய் யாருக்குக் கை தூக்குவார் என்பதுதான் உங்கள் வாழ்க்கையைத் தொடுகிறது. வாக்காளரிடமிருந்து இந்த முடிவை இவ்வளவு தள்ளி வைத்திருப்பது நியாயமே இல்லை.

இரண்டாவது கேள்வி: ‘எந்தக் குழுவில் உட்கார ஆசைப்படுகிறீர்கள்?’ உங்கள் மருத்துவமனையின் பணம், ஆள் எண்ணிக்கை, ஷிஃப்ட் எல்லாம் சுகாதார, சமூகப் பராமரிப்புக் குழுவின் கீழ் வருகின்றன. அதிலும் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களையும் சபைதான் தேர்ந்தெடுக்கிறது. தீவில் ஜிஎஸ்டி வரி வேண்டுமா என்று வருடக்கணக்கில் இழுக்கும் சண்டையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் வேட்பாளர், இந்தக் கேள்விக்கு விழித்தால் அவருக்கு உங்கள் குறி வேண்டாம்.

மகளுக்கு 2029 தொடக்கத்தில் 16 ஆகிவிடும், ஜூன் தேர்தலில் அவளும் ஓட்டுப் போடலாம். பெயரை 15 வயதிலேயே பதியலாம், 16 ஆகட்டும் என்று காத்திருந்து பட்டியல் மூடும் தேதியைத் தவறவிடாதீர்கள். அம்மா அப்பா பெயர் இருக்கிறதே என்று விடவும் வேண்டாம், மூவருக்கும் தனித்தனிப் பதிவு. அவள் படிவத்தை அவளே நிரப்பட்டும்.