பலவீன நோட்ரம்புக்கு டபுள் வந்தால்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட மன்றத்தில், 12 முதல் 14 உயர்சீட்டுப் புள்ளிக்கு ஒரு நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி, அதாவது ஏழு சுற்று, வெல்வோம் என்ற ஏலம்) கேட்டு பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுகிறோம். எதிரணி டபுள் (ஏலம் தோற்றால் அபராதத்தைக் கூட்டும் அறைகூவல்) சொன்னால், 4 புள்ளியே வைத்திருக்கும் என் ஜோடி பாஸ் சொல்லிவிடுகிறார். இது சரியா, ஐயா?

பதில்: பெரும்பாலும் சரியல்ல. வல்னரபிளாக (தோற்றால் அபராதம் அதிகமாகும் நிலையில்) இருக்கையில், டபுளான ஏலத்தில் இரண்டு பிடி குறைந்தாலே 500 புள்ளி எதிரணிக்குப் போய்விடும். அவர் கையில் ஐந்து டைமண்ட் இருந்தால், டபுளுக்குப் பின் டிரான்ஸ்ஃபர் (ஓர் இனத்தைச் சொல்லி அடுத்த இனத்தைக் குறிக்கும் ஏலம்) செல்லாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, தயங்காமல் இரண்டு டைமண்ட் கேட்டுத் தப்பிக்க வேண்டும். ரீடபுளின், அதாவது டபுளுக்கு நாம் சொல்லும் எதிர் டபுளின், பொருளையும் (பலமா, தப்பிக்கும் வழியா) தேநீர் வேளையிலேயே முடிவுசெய்துவிடுங்கள். மேசையில் முகம் பார்த்து ஊகிப்பது ஆட்டமுறையும் அல்ல, மரியாதையும் அல்ல. நான்கு இனங்களிலும் நான்கு, மூன்று, மூன்று, மூன்று என்று சீட்டுகள் பிரிந்திருந்தால் மட்டும், ஓட இடமில்லாததால், அவர் பாஸ் சொல்வதை ஏற்கலாம்.