மதம் பரப்ப வந்தவரும் சகிப்புத்தன்மையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைனிதால் அருகே உள்ள சாத்தால் ஏரிகளைப் பற்றிய கட்டுரையில், அங்கே ஆசிரமம் அமைத்த அமெரிக்க மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸை மிகுந்த மரியாதையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன். என் அலுவலக நண்பர், "மதம் மாற்ற வந்தவர் எப்படிச் சகிப்புத்தன்மை உள்ளவராக இருக்க முடியும்? ஆசிரமம், இந்திய உடை எல்லாம் ஆள் சேர்க்கும் வழிதானே?" என்கிறார். எங்கள் சபையிலோ, அவர் காந்தியோடு சேர்ந்து விசுவாசத்தை நீர்த்துப்போக விட்டவர் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

உங்கள் நண்பரின் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆள்பவரின் நிறத்தோடும் மொழியோடும் ஒருவர் வந்து வேதம் சொன்னால், அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் கேட்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஆனால் ஜோன்ஸ் தன் நோக்கத்தை மறைத்துக்கொண்டு வந்தவர் அல்ல. மக்கள் கிறிஸ்துவை ஏற்க வேண்டும் என்று விரும்பினார், அதை எல்லா மேடையிலும் சொன்னார். பொதுக்கூடம், தலைமைக்கு அந்த ஊரின் மதிப்புக்குரிய ஒரு கிறிஸ்தவரல்லாதவர், எந்த மதத்தையும் தாக்கிப் பேசமாட்டேன் என்ற முன்னறிவிப்பு, முடிவில் யாரும் எதுவும் கேட்கலாம். அவருடைய கூட்டங்கள் இப்படித்தான் நடந்தன.

இந்த இடத்துக்கு அவர் சுலபமாக வந்து சேரவில்லை. 1907-இல் லக்னோவுக்கு வந்தபோது அவருக்கு 23 வயது. சில வருடங்களில் நரம்புத்தளர்ச்சியில் விழுந்தார், ஊருக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் விழுந்தார். அதற்கு நடுவே சீதாப்பூரில் ஒரு இந்து அரசு அதிகாரி அவரிடம் கேட்டார்: நீங்கள் ஏன் தாழ்ந்த சாதிகளிடம் மட்டும் போகிறீர்கள், எங்களிடம் ஏன் வருவதில்லை? உங்களுக்கு நாங்கள் வேண்டாம் என்று நினைத்தோம் என்றார் ஜோன்ஸ். சரியான முறையில் வந்தால் வேண்டும் என்றார் அதிகாரி. அந்தச் சரியான முறை எது என்பதைத் தேடித்தான் ஜோன்ஸ் பல வருடம் அலைந்தார். ஆதியாகமம் தொடங்கி மேற்கத்திய நாகரிகம், மேற்கத்தியத் திருச்சபை வரை ஒரு நீண்ட வரிசை முழுவதையும் காத்து நிற்பதே தன் வேலை என்று அதுவரை நினைத்திருந்தார். அந்த வரிசையைக் கைவிட்டு, கிறிஸ்து ஒருவரிடம் மட்டும் நின்றார்.

அது எப்படிப்பட்ட காலம் என்று பாருங்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவ நாடுகள் ஒன்றையொன்று கொன்று குவித்த முதல் உலகப் போர், 1919-இல் ஜாலியன்வாலாபாக், 1924-இல் ஆசியர்கள் குடியேறக் கூடாது என்று அமெரிக்கா போட்ட சட்டம். இதற்கெல்லாம் வக்காலத்து வாங்கிக்கொண்டு ஒருவர் அன்பைப் பற்றிப் பேச முடியுமா?

டெல்லியில் காந்தியைச் சந்தித்தபோது, கிறிஸ்தவம் இந்தியாவுக்கு அந்நியமாக இல்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று நேராகவே கேட்டார். காந்தி நான்கு சொன்னார். கிறிஸ்தவர்கள், மிஷனரிகள் உட்பட, இயேசுவைப் போல வாழத் தொடங்குங்கள். உங்கள் மதத்தைக் கலப்படம் செய்யாமல், நீர்க்கவிடாமல் கடைப்பிடியுங்கள். அன்பை முன்னிறுத்துங்கள். பிற மதங்களில் உள்ள நல்லதைக் காண அவற்றை இன்னும் பரிவோடு படியுங்கள். இரண்டாவதை உங்கள் சபையினர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விசுவாசத்தைக் குறைத்துக்கொள் என்று காந்தி சொல்லவே இல்லை.

அதற்காக இருவரும் ஒரே கருத்துக்கு வந்துவிடவும் இல்லை. மதமாற்ற முயற்சியைக் காந்தி கடைசிவரை ஏற்கவில்லை. ஜோன்ஸும் பின்னால் எழுதிய கடிதத்தில், நீங்கள் கிறிஸ்துவின் கொள்கைகளைப் பிடித்துக்கொண்டீர்கள், கிறிஸ்து என்ற ஆளைத் தவறவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் நட்பு நிலைத்தது. இருவரும் பேசாமல் விட்டிருந்தால் அதை நாம் சகிப்பு என்று பாராட்டியிருப்போம். எனக்கு இந்தக் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

வட்டமேசைக் கூட்டங்கள் என்று அவர் நடத்தியவற்றில் பிற சமயத்தார்தான் அதிகம் இருப்பார்கள். வாதம் கிடையாது, தன் வேதமே உயர்ந்தது என்று விளக்க அனுமதி கிடையாது. உன் மதம் உன் வாழ்க்கையில் உனக்கு என்ன தந்தது, அதை மட்டும் சொல். இந்த ஒழுங்கில் எனக்கு மதிப்பு உண்டு, குறையும் தெரிகிறது. அங்கே பெரும்பாலும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள்தான் உட்கார்ந்தார்கள். கிராமத்தில் கிணற்றுப் பக்கமே விடப்படாதவனுக்கு மதம் என்ன தந்தது என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவது கடினம்.

சாத்தாலில் அந்தக் குறையை ஓரளவு நேர்செய்தார். 1930-இல் தொடங்கிய அந்த ஆசிரமத்தில் வாரத்தில் ஒரு நாள் பணியாளர்களுக்கு விடுமுறை. கழிப்பறை கழுவுவது உட்பட அவர்கள் வேலையை மற்றவர்கள் செய்ய வேண்டும், ஜோன்ஸும்தான். பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவரிடம், கழிப்பறை கழுவ நீங்கள் எப்போது வருவீர்கள் என்று ஜோன்ஸ் கேட்டாராம். நான் மனம் திரும்பியவன்தான், ஆனால் அவ்வளவு தூரத்துக்கு இல்லை என்று பதில் வந்தது. சாதி, ஞானஸ்நானத்தோடு போய்விடுவதில்லை என்பது நம் ஊர்ச் சபைகளுக்கும் தெரிந்ததுதானே.

அப்புறம் அரசியல். அரசுக்கு எதிராக நடக்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தால்தான் அமெரிக்க மிஷனரிகள் அன்று இங்கே வேலை செய்ய முடியும். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி கெய்தான், வைஸ்ராய்க்குக் காந்தியின் கடிதத்தைக் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்கவைத்தார். 1930-இல் கெய்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், மறுபடி வெளியேற்றப்பட்டார், விடுதலைக்குப் பிறகு வந்து காந்திகிராமத்துக்காக உழைத்தார். ஜோன்ஸும் இந்திய விடுதலையை ஆதரித்ததால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியா திரும்ப அனுமதி கிடைக்காமல் அமெரிக்காவிலேயே இருந்தார். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். பேரரசின் கையாள் என்றால் பேரரசு ஏன் அவரை வெளியே நிறுத்தியது?

ஆனால் அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்லமாட்டேன். 1941-இல் அமெரிக்க–ஜப்பான் போரைத் தடுக்க ஓடியாடி முயன்றார், டிசம்பர் 3 அன்று ரூஸ்வெல்ட்டையே சந்தித்தார். அந்த முயற்சியில் அவர் முன்வைத்த யோசனைகளில் ஒன்று, நியூ கினியை ஜப்பானுக்குக் கொடுத்துவிடலாம் என்பது. அங்கே வாழும் மக்களை யார் கேட்டார்கள்? இந்தியருக்கு விடுதலை வேண்டும் என்றவர் பாப்புவா மக்களின் மண்ணை ஒரு காலிமனையாகப் பார்த்தது எனக்கு வருத்தம் தருகிறது.

1928-இல் அவரை மெதடிஸ்ட் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள், பட்டமேற்கும் முன்பே விலகிவிட்டார். தன் சொல்லுக்குப் பின்னால் அதிகாரம் எதுவும் நிற்கக் கூடாது என்று அவர் நினைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். என் மரியாதை முழுவதும் அதற்குத்தான். மதத்தைப் பற்றிப் பேசுவதில் சகிப்பின்மை இல்லை. எதிரில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவருக்கு எந்த இழப்பும் வரக் கூடாது, அவ்வளவுதான்.

காந்தியைப் பற்றி அவர் 1948-இல் எழுதிய நூல் சரியாகப் போகவில்லை என்றே நினைத்திருந்தார். அகிம்சை வழிக்கு வர அந்த நூல் காரணமாக இருந்தது என்று மார்ட்டின் லூதர் கிங் பின்னால் அவரிடம் சொன்னார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்றால், ‘த கிரைஸ்ட் ஆஃப் தி இந்தியன் ரோடு’, 1925-இல் வந்தது, அதை முதலில் படியுங்கள். உங்கள் நண்பருக்கும் கொடுங்கள். அவர் மறுப்பு எழுதினால் ஒரு வரியும் வெட்டாமல் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்