பழைய ரயில் பாதையில் 152 கி.மீ. சைக்கிள்: 63 வயதில் முடியுமா?

கேள்வி: ரயில்வேயில் பெர்மனன்ட் வே (தண்டவாளப் பராமரிப்பு) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 63. பிப்ரவரியில் நானும் மனைவியும் நியூசிலாந்தில், டுனிடினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே பழைய ரயில் பாதையிலேயே சைக்கிளில் போகலாமாமே? மலைப் பகுதி என்கிறார்கள். எங்களால் முடியுமா? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? (விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். மலை என்று பயப்படாதீர்கள். நீராவி இன்ஜின் எந்த அளவு ஏற்றத்தை இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் கேட்கும் பாதைக்குப் பெயர் ஒட்டாகோ சென்ட்ரல்; க்ளைடு ஊரிலிருந்து மிடில்மார்ச் ஊர் வரை 152 கி.மீ. அதில் ஏற்றம் 50-க்கு 1 (50 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு) என்ற அளவோடு நின்றுவிடும். மிக உயரமான இடமே 618 மீட்டர்தான்.

டுனிடின் பக்கம் 1879-ல் தொடங்கிய வேலை க்ளைடை எட்ட 1907 ஆகிவிட்டது. பிற்காலத்தில் க்ளைடில் அணை கட்டியபோது பொருள்களைச் சுமந்து வந்ததும் இந்த ரயில்தான். அந்த வேலை தீர்ந்ததும் 1990-ல் க்ளைடு - மிடில்மார்ச் பகுதியை மூடினார்கள். தண்டவாளத்தையும் அதன் அடியில் இருந்த ஸ்லீப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டு, சரளை போட்டு, 2000-ல் சைக்கிளுக்குத் திறந்தார்கள்.

ஐந்து நாள் வையுங்கள். மூன்று நாளில் முடிப்பவர்களும் உண்டு. ஆனால் உங்களைப் போன்றவர் அப்படி ஓடக் கூடாது. க்ளைடில் தொடங்கி முதல் இரவு ஓமகாவ், அடுத்து ஓடுரேஹுவா, ரான்ஃபர்லி, ஹைடு, கடைசியாக மிடில்மார்ச். ஒரு நாளைக்கு 25 முதல் 37 கி.மீ.தான் வரும். முதல் நாள் டைகர் ஹில் ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இரண்டாம் நாளை அவசரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். லாடரைத் தாண்டியதும் மனுஹெரிகியா ஆற்றுப் பாலம்; அதை அடுத்து பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்கப்பாதைகள், 37 மீட்டர் உயரப் பாலம். சுரங்கத்துக்குள் விளக்கு கிடையாது, டார்ச் அவசியம். இறங்கி, தள்ளிக்கொண்டு நடங்கள். பாலத்தின் தூண்களைக் கீழிருந்து மேல்வரை பாருங்கள்: அந்த ஊர்ப் பாறையையே வெட்டி, கல்லோடு கல் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 1067 மி.மீ., நம் மீட்டர் கேஜைவிட 67 மி.மீ.தான் அகலம். அதனால் வெட்டுப்பள்ளமும் கரையும் நீங்கள் பார்த்து வளர்ந்த அளவிலேயே தெரியும். வழியில் கேங்மேன் (பாதையைப் பராமரித்த தொழிலாளர்) கொட்டகைகள் வரும். அந்தந்த இடத்தின் கதையை உள்ளே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றையும் விடாதீர்கள்.

ஹைடு அருகே ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 1943 ஜூன் 4 அன்று வளைவில் அதிவேகமாக வந்த பயணிகள் ரயில் தடம் புரண்டு 21 பேர் இறந்தார்கள். வளைவில் வேகக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று அறிந்தவர் நீங்கள். அங்கே சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். உங்கள் வயதில் காலைவிட உட்காரும் இடம்தான் முதலில் வலிக்கும். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை இங்கேயே வாங்கி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மனைவிக்குத் தயக்கம் இருந்தால் பேட்டரி சைக்கிள் எடுத்துக் கொடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. டயர் அகலமானதாக இருக்கட்டும், சரளையில் மெல்லிய டயர் வழுக்கும். ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயம்.

பிப்ரவரி அங்கே கோடைக்காலம். நிழல் மரம் அரிது; தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும், இரவுக்கு ஒரு ஸ்வெட்டரும். சைவம் என்றால் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்ன ஊர்கள், நேரமாகிவிட்டால் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். பெட்டிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேன் சேவை உண்டு. தொடங்கும் இடத்துக்குப் போகவும், முடித்துத் திரும்பவும் அதே வேன்காரர்களிடம் அறையோடு சேர்த்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். சீசனில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.