வேலை, வீடுன்னு ஓடுற வாழ்க்கையில ஆண்டவர் கூட இருக்கார்னு எப்படி உணர்றது?

ஏற்காட்டுல தியானத்துக்குப் போனப்ப ஆண்டவர் பக்கத்துலயே இருந்தார், வீட்டுக்கு வந்ததும் ஒண்ணுமே தெரியலன்னு கேட்டிருக்கீங்க. நான் சேலத்துல கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன், நேராவே சொல்லிடறேன், மேல வர்ற அந்த நிம்மதியில பாதி கிளைமேட்டுங்க. போன் இல்ல, சமைக்கற வேலை இல்ல, குளுகுளுன்னு காத்து, யாருக்குத்தான் செபம் வராது? 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துல வெயில் மூஞ்சில அடிச்சா போயிடுது. அது பொய்யின்னு சொல்லல, ஆனா அந்த ஃபீலிங்தான் பிரசன்னம்னு முடிவு பண்ணிட்டா மிச்ச நாள் பூரா ஆண்டவர் லீவுல போன மாதிரிதான் இருக்கும்.

பைபிள்ல 1 அரசர் 19ல எலியா இறைவாக்கினர் கதை தெரியுமில்ல? பிரசங்கத்துல எல்லாரும் ஓரேபு மலையில அவருக்கு ஆண்டவர் மெல்லிய சத்தத்துல பேசினதையே சொல்வாங்க, எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி வர்றது. மனுசன் வெறுத்துப்போயி சூரைச்செடி அடியில படுத்துக்கிட்டு என் உயிர எடுத்துக்கங்கன்றார், அதுக்குப் புத்திமதியே இல்ல, தூங்க விடறாங்க, தூதர் வந்து தட்டி எழுப்பி அப்பமும் தண்ணியும் குடுக்கறார், சாப்ட்டு மறுபடி படுத்துக்கறார், திரும்ப எழுப்பி திரும்ப சாப்பாடு. ஓரேபு மலையெல்லாம் அப்புறம்தான். அப்போ வீட்ல உங்களுக்கு சோத்தப் போட்டு "சாப்ட்டுப் படு"ன்றவங்க மூலமா வர்றது யாரு?

பாரிஸ்ல கார்மேல் மடத்துல பிரதர் லாரன்ஸ்னு ஒருத்தர், 1691ல இறந்தவர், சமையல்கட்டு வேலையே அவருக்குப் பிடிக்காது, ஆனா அங்கயே பாத்திரத்துக்கு நடுவுல ஆண்டவர்கிட்ட பேசிப் பழகினார். பிடிச்ச வேலையில இல்லங்க, பிடிக்காததுல.

நான் பண்றது சேசு சபைன்ற துறவற சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் சொல்லிக் குடுத்த ஆன்ம சோதனை, அதாவது அன்னன்னைக்கு நடந்தத ஆண்டவர் முன்னாடி திரும்பிப் பாக்கறது. நம்ம ஆளுங்க அத பாவத்த எண்றதுன்னே நினைக்கறாங்க, அவர் முதல்ல வச்சது நன்றி. பட்டறைய சாத்துனதும் ஷட்டர் பக்கத்துலயே உக்காந்து காலையில இருந்து ஓட்டிப் பாப்பேன், எங்க எரிச்சல் வந்துச்சோ அங்க கொஞ்சம் நிப்பேன். போன வாரம் ஒரு வியாபாரி எடை குறையுதுன்னு சரக்கத் திருப்பிட்டார், செம கோவம், ராத்திரி யோசிச்சா கோவத்துக்கு அடியில இருந்தது பயம், மாசக் கடைசி சம்பளம் எப்படிக் குடுக்கறதுன்னு. அந்தப் பயத்த அப்படியே ஆண்டவர்கிட்ட சொன்னேன். பணம் ஒண்ணும் வந்து குதிக்கல, ஆனா மறுநாள் பசங்க மேல எரிஞ்சு விழல.

அஞ்சு பத்து நிமிசம் போதும். ஒண்ணுமே தோணாத நாள் நிறைய வரும், எனக்கும் வருது, அன்னைக்கு நன்றி மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுடுங்க.