சிவப்பாகத் தெரிவதெல்லாம் சூத்தையா?

பதில் சொல்பவர்: கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர்

கேள்வி: நான் இலத்திரனியல் படிக்கும் மாணவன். பல் சூத்தையை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் சிறிய கைக்கருவி ஒன்று செய்துவருகிறேன். 405 நானோமீட்டர் ஊதா எல்.ஈ.டி., போன் கமரா, கமராவுக்கு முன்னால் ஆரஞ்சு வடிகட்டி, அவ்வளவுதான். முதல் ஆளாக உம்மாவின் வாயில் பிடித்துப் பார்த்தேன். கீழ் முன்பற்களின் உட்புறம் முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. பயந்துபோய் வைத்தியரிடம் கூட்டிப்போனால், ஒரு சூத்தையும் இல்லை என்கிறார். பிழை யாரில்?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டு பேரிலும் இல்லை, தம்பி. கீழ் முன்பற்களின் உட்புறம் நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் இருக்கிறது. பல்லு ஊத்தை கல்லாக இறுகுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். நீங்கள் பார்த்த சிவப்பு, கிருமிகள் உண்டாக்கும் போர்பிரின் என்ற பொருளின் ஒளிர்வு. அது சூத்தைக்குள்ளும் இருக்கும், பழைய ஊத்தையிலும் இருக்கும், கல்லிலும் இருக்கும். உங்கள் கருவி கிருமி குடியிருந்த இடத்தைச் சரியாகவே காட்டியிருக்கிறது. பல் கரைந்த இடம் வேறு.

அதற்குப் பச்சையைப் பாருங்கள். நல்ல பல் ஊதா வெளிச்சத்தில் இளம்பச்சையாக ஒளிரும். தாதுச் சத்துக் கரைந்த இடத்தில் அந்தப் பச்சை மங்கி, இருண்ட திட்டாகத் தெரியும். ஆனால் வெற்றிலைக் காவியும் அதே மாதிரி இருண்டுதான் தெரியும்! நம் பக்கத்து வாய்களில் வேலை செய்யப்போகும் கருவிக்கு இது சின்னச் சிக்கல் இல்லை. முதலில் சுத்தம் செய்து, பிறகுதான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கருவியில் காற்று ஊத வழி இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. வடை சுற்றிய கடதாசியைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஊறாத இடம் வெள்ளையாகவே நிற்கும். ஆரம்பச் சூத்தையும் அப்படித்தான். மிளிரியில், அதாவது பல்லின் வெளிப்படலத்தில், நுண்ணிய துளைகள் விழுந்திருக்கும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் மிளிரிக்கு 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. துளைக்குள் எச்சில் நிற்கும்வரை வித்தியாசம் குறைவு, கண்ணுக்குப் படாது. ஐந்து விநாடி காற்று ஊதினால் துளைக்குள் காற்றுப் புகுந்து, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளி எழும்பும். காய்ந்தால் மட்டும் தெரிவது ஆகத் தொடக்க நிலை, ஈரத்திலேயே தெரிவது அடுத்த படி. உலர்ந்த பல்லில் உங்கள் பச்சையும் கருமையும்கூடத் தெளிவாகப் பிரியும்.

இந்த வெள்ளைப் புள்ளியில் நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கூர்முனைக் கம்பியால் குத்தி, ஒட்டிப் பிடித்தால் சூத்தை என்று பழகியிருந்தோம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கொடுப்புப் பல்லில் அழுத்தினேன். மேல்தோல் அப்பளம்போல நொறுங்கி உள்ளே போனது. ஃப்ளோரைடு பூசி விட்டிருந்தால் இறுகியிருக்கக்கூடிய இடத்தில் என் கையாலேயே குழி விழுத்தினேன். உங்கள் கருவி அந்தக் கம்பிக்கு மாற்றாக வந்தால், அதுவே எனக்குப் போதும்.

எண் காட்டும் ஆசை வேண்டாம். 1998இல் சந்தைக்கு வந்த டயக்னோடென்ட் என்ற சூத்தை காட்டும் கருவி, 655 நானோமீட்டர் சிவப்பு லேசரால் 0 முதல் 99 வரை எண் தரும். காவியும் ஊத்தையும் அந்த எண்ணையும் ஏற்றிவிடும். எண்ணைக் கண்டால் கை தானாகவே துளைகருவியைத் தேடும். வைத்தியர்களின் பலவீனம் அது, நானும் விலக்கல்ல.

சோதிப்பதற்குக் கழற்றிய பற்கள் கேட்டுப் போவீர்கள். ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். போர்மலின் போத்தலில் கிடந்த பல் வேண்டாம், ஒளிர்வே மாறிவிடும். உறையவைத்த பல் நல்லது. கருவி சொன்னதை எழுதிவைத்த பிறகு பல்லை அறுத்து, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். அறுத்துப் பார்ப்பவருக்குக் கருவியின் பதில் தெரியக்கூடாது. விற்பனைக்குக் கொண்டுவருவதென்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிய வேண்டும், அது பிறகு. இப்போதைக்கு உம்மாவைக் கல் எடுக்கக் கூட்டிப்போங்கள். எடுத்த பிறகு அதே இடத்தை மறுபடி படம் பிடியுங்கள். அந்த இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புவீர்களா?

கேள்வி: இதற்கெல்லாம் எக்ஸ்ரே போதாதா?
- வாசகர், செங்கலடி

பதில்: இரண்டு பல்லுக்கு இடைப்பட்ட சூத்தைக்கு எக்ஸ்ரேதான் நல்லது. கடிக்கும் பரப்பின் ஆரம்பச் சூத்தை அதில் தெரியாது, நிறையக் கரைந்த பிறகுதான் நிழல் விழும்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. கடைசியில் புதிதாக ஒரு கொடுப்புப் பல் முளைக்கிறது. பாற்பல்தானே, விழுந்துவிடும் என்கிறா மாமி.
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மாமிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தப் பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் முளைப்பதால் எல்லோரும் ஏமாறும் பல் அது. நிரந்தரப் பல். மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதைத் தொடாமலே போகும். பிரஷைக் குறுக்காக நுழைத்து, பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசையால் நீங்களே தேய்த்துவிடுங்கள். துப்பச் சொல்லுங்கள், வாய் கொப்புளிக்க வேண்டாம். வெள்ளைக் கோடோ புள்ளியோ தெரிந்தால் ஊசி, குண்டூசி வைத்துக் கிண்டாமல் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள்.